கவிழ்த்து வைத்த மங்கு

என் செராஸ்காரி ரெபேக்காவுக்கு,

நீ போய் நாற்பது நாள் ஆகிவிட்டது. பிரிக்ஃபீல்ட்ஸில் நாம் உட்காரும் கடையில் இப்போது தனியாகத்தான் தே தாரிக் குடிக்கிறேன். "கூட்டாளி வரலையா?" என்று கடைக்கார அண்ணே இன்னும் கேட்கிறார். எனக்குப் பட்டச் சான்றிதழ் வந்துவிட்டது; எங்கள் வீட்டில் முதல் ஆள். உன்னிடம்தான் முதலில் காட்டியிருப்பேன்.

பாடத்தில் இருந்த அந்தப் பழைய ரப்பர்த் தோட்டக் கதை நினைவிருக்கிறதா? கணவனை இழந்தவள் பால்மரம் வெட்டப் போகிறாள், பட்டையைச் சீவிப் பால் எடுக்கும் வேலை. கடைசி வரியில் வானம் இருட்டுகிறது. மரத்தில் பால் வடியும் கிண்ணமான மங்கு ஒன்றைக் கவிழ்த்துவிட்டு நடக்கிறாள். அது வெறுமையின் குறியீடு, முடிந்துபோன வாழ்வு என்றார் விரிவுரையாளர். வகுப்பே எழுதிக்கொண்டது.

நான் எழுதவில்லை. ஜெஞ்சாரோம் பக்கத்துத் தோட்டத்தில் மரம் வெட்டியவள் என் அம்மா. மழை வரும்போல இருந்தால், பாலை எடுத்த கையோடு மங்குகளைக் கவிழ்த்துவிடுவாள், தண்ணீர் தேங்காமல் இருக்க. மறுநாள் வந்து நிமிர்த்துவாள். திரும்பி வர மனமில்லாதவள் எதற்காகக் கவிழ்க்க வேண்டும்? இதை அந்தக் கடையில் வைத்துத்தான் உன்னிடம் சொன்னேன்.

"வகுப்புல சொல்லு லா!"

"பயமா இருக்குடி."

"நீயெல்லாம் டிகிரி முடிச்சு என்னதான் பண்ணப் போற?" சிரித்தோம்.

அடுத்த வாரம் கருத்தரங்கில் மேடையேறி நீயே அதைச் சொன்னாய். அதைக்கூடப் பொறுத்திருப்பேன். "எங்கம்மா மரம் வெட்டுனவங்க" என்றாயே! அரங்கம் கைதட்டியது. நானும் தட்டினேன். இறங்கி வந்து, "நீ எப்படியும் பேசப் போறதில்ல, கோச்சுக்காத" என்று காதில் சொன்னாய். கருத்தைக் கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன். என் அம்மாவை ஏன் எடுத்துக்கொண்டாய்?

மறுமாதமே டெங்கி என்று படுத்தாய். கட்டிலருகே உட்கார்ந்திருந்தும் நான் கேட்கவில்லை. குணமாகட்டும் என்று இருந்தேன். நீ எழவே இல்லை.

இப்போது துறையில் உனக்கு நினைவு மலர் போடுகிறார்கள். உன் கருத்தரங்குக் கட்டுரையைப் பிழை திருத்த என்னிடமே கொடுத்தார்கள். கிள்ளான் வீட்டில் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன், யார் எழுதியது என்று சொல்லாமல். 'என் அம்மா மாலையில் மரம் வெட்டிக் களைத்துத் திரும்புவார்' என்ற வரி வந்ததும் அவள் சிரித்துவிட்டாள்.

"சாயங்காலம் எவ மரம் வெட்டுவா? வெயில் ஏறுனா பாலே வராது. இது யாரோட அம்மா?"

'மாலையில்' என்பதை அடித்து 'விடியற்காலையில்' என்று எழுதப் பேனாவை எடுத்தேன். அந்த ஒரு சொல்லைத் திருத்தினால் உன் பொய் குறையில்லாததாகிவிடும். பேனாவை மூடிவிட்டேன்.

செராஸில் உன் அம்மா, மகள் பேச்சு அச்சில் வருவதற்காகக் காத்திருக்கிறார். வாழ்நாளெல்லாம் அலுவலகத்தில் வேலை பார்த்தவர், அந்த வரியைப் படித்தால் என்ன நினைப்பார்? நீ அதை யோசித்தாயா?

சனிக்கிழமை அவரிடம் போய் நானே சொல்லப் போகிறேன். பிறகு துறையிலும், வாயைத் திறந்து, சத்தமாக. உன் கட்டுரை இருக்கட்டும். அதன் கீழே என் பெயரில் ஒரு குறிப்பு வரும்: மரம் வெட்டியவள் யார் என்று. இது நான் உனக்குக் கொடுக்கும் வாக்கு.

கோபம் தீரவில்லை, ரெபேக்கா. ஆனாலும் உன் மங்கு கவிழ்ந்துதான் இருக்கிறது. நிமிர்த்தத் திரும்ப வருவேன்.

உன் கூட்டாளி,
பால்மரம் வெட்டிய அஞ்சலையின் மகள்