ஒருவர் விடாமல்

மார்ச் 4

பெண்கள் குளியலறையில் வெந்நீர் வரவில்லை. பேட்மிண்டன் கூடத்தில் ஒரு விளக்கு கண்ணடிக்கிறது. உடற்பயிற்சிக் கூடத்தில் டிரெட்மில்லுக்காக இரண்டு பேர் சண்டை. நடக்கத்தானே போகிறீர்கள், வெளியே சாலை சும்மாதான் கிடக்கிறது என்றேன். மாலையில் புகார்ப் பெட்டியில் ஒரு சீட்டு: ‘மேலாளர் முகத்தைப் பார்த்தாலே உடம்பு கொதிக்கிறது. குளியலறையில் வெந்நீர் எதற்கு?’

நன்றாக எழுதுகிறார்கள்.

நீச்சல் குளத்து வடிகட்டி பம்பு மட்டும் நான் கை வைத்த பிறகு சத்தமில்லாமல் ஓடுகிறது. நீரியல் படித்தவனிடம் குளத்தை ஒப்படைத்த புண்ணியவான் யாரோ, நன்றாக இருக்கட்டும்.

மார்ச் 9

எழுதவே கூச்சமாக இருக்கிறது.

பெரிய குளத்தின் ஆழமான பக்கத்தில் ஒருவர் மூழ்கி மூழ்கி எழுந்தார். கரையில் நாங்கள் ஐந்து பேர் நின்றோம். எலக்ட்ரீஷியன், தோட்டக்காரர், கேன்டீன்காரர், டிக்கெட் கவுண்டர் அக்கா, நான். ஒருவருக்கும் நீச்சல் தெரியாது. கவுண்டர் அக்காவாவது தன் துப்பட்டாவை வீசிப் பார்த்தார். நான் என்ன செய்தேன்? “கைய மேல தூக்காதீங்க, மிதப்பு குறையும்!” என்று கத்தினேன். மூழ்குகிறவனுக்கு வகுப்பு எடுத்த முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன்.

சின்னக் குளத்தில் இருந்த உயிர்காப்பாளர் ஓடிவந்து குதித்து இழுத்துப் போட்டாள். எப்போதும் வாயில் விசிலோடு திரிவதால் அவளுக்கு இங்கே விசில் என்றே பெயர். அந்த மனிதர் இருமி முடித்து, நீச்சல் கண்ணாடியைக் காணோம் என்று என்னோடு சண்டைக்கு வந்தார்.

மார்ச் 10

சுற்றறிக்கை போட்டேன். ‘விளையாட்டு வளாகத்தின் அனைத்து ஊழியர்களும், ஒருவர் விடாமல், அடுத்த மாதம் பத்தாம் தேதிக்குள் சின்னக் குளத்தை நிற்காமல் நீந்திக் கடந்து காட்ட வேண்டும். தவறுபவர், கடக்கும் வரை வாகன நிறுத்துமிடப் பணிக்கு மாற்றப்படுவர்.’

கையெழுத்துக்குக் கீழே இரண்டு கோடு வேறு இழுத்தேன். நிர்வாகம் என்றால் இப்படி இருக்க வேண்டும்.

மார்ச் 11

குமாஸ்தா பட்டியலோடு வந்து நின்றார். “சார், உங்க பேரை முதல்ல போடவா, கடைசில போடவா?”

எதுக்கு என்றேன்.

“ஒருவர் விடாமல்னு போட்டிருக்கீங்களே.”

ஊழியர் என்றால் நானும்தான் என்று நேற்று ஒரு நிமிடம்கூடத் தோன்றவில்லை. அந்த இரண்டு கோடுகளுக்குப் பதிலாக என் கழுத்தில் ஒரு கோடு இழுத்திருக்கலாம்.

கடைசியில் போடச் சொன்னேன்.

மார்ச் 13

கவுண்டர் அக்கா அறைக்கு வந்தார். மூட்டு வலிக்காரர். பார்க்கிங்கில் உட்கார இடமே கிடையாது, வெயிலில் நாள் முழுக்க வண்டிகளுக்கு நடுவே ஓட வேண்டும். “அங்க போட்டீங்கன்னா ஒரு வாரம் தாங்க மாட்டேன் சார். வேலையை விட வேண்டியதுதான்” என்றார். விதி எல்லோருக்கும் பொதுதானே என்றேன். ஏதோ கல்வெட்டிலிருந்து படிப்பது போல.

“உங்களுக்கு நீச்சல் வரும்ல?”

“ம்.”

அந்த ‘ம்’மைப் பற்றி மேலும் எழுத வேண்டாம்.

மார்ச் 16

வளாகம் திறக்கும் முன்பே போய், தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு சின்னக் குளத்தில் இறங்கினேன். விசிலிடம் யாரிடமும் சொல்லாதே என்று சத்தியம் வாங்கியிருந்தேன். தண்ணீரில் ஏற்கெனவே ஒரு தலை. கவுண்டர் அக்கா. அவரும் அதே சத்தியத்தை வாங்கியிருக்கிறார்.

என்னைப் பார்த்துச் சிரித்த சிரிப்பில், ஓரத்துக் கம்பியைப் பிடிக்காமல் இருந்திருந்தால் மூழ்கியே போயிருப்பார். “‘ம்’னு சொன்னீங்களே தம்பி!”

தண்ணீரில் இறங்கியதும் ‘சார்’ கரையிலேயே நின்றுவிட்டார் போலிருக்கிறது.

மார்ச் 19

மனித உடலின் அடர்த்தி தண்ணீரைவிடக் குறைவு. மூச்சை உள்ளே இழுத்தால் மிதந்தே ஆக வேண்டும். இதில் தேர்வு எழுதி முதல் வகுப்பில் தேறியவன் நான். தண்ணீருக்கு அது தெரியவில்லை.

விசில் சொல்கிறாள்: “பாதி வந்ததும் உங்க கால் தரையைத் தேடுது சார். தேடவிடாதீங்க.”

என் கால் என்னைக் கேட்டுவிட்டா தேடுகிறது?

மார்ச் 22

பையில் ஈரக் கால்சட்டை. அம்மா கண்டுபிடித்துவிட்டாள். விஷயத்தைச் சொன்னேன். உடனே தங்கைக்குப் போன் போட்டுச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். சின்ன வயதில் தண்ணிப் பக்கம் போனா காலை உடைப்பேன் என்று மிரட்டியது யார் என்று கேட்டேன்.

“நீ அதையாவது கேட்டியேன்னு இவ்வளவு நாளா பெருமையா நினைச்சுட்டு இருந்தேன்டா.”

மார்ச் 30

கவுண்டர் அக்கா மிதக்கிறார். மல்லாந்து, கண்ணை மூடி, படுக்கையில் கிடப்பதைப் போல. தண்ணியில் மூட்டு வலிக்கவே இல்லையாம். எனக்கு வயிற்றெரிச்சல்.

ஏப்ரல் 7

குமாஸ்தா நல்ல மனிதர். நேற்று கதவைச் சாத்திவிட்டு வந்து சொன்னார்: “‘நிர்வாகப் பிரிவு நீங்கலாக’ன்னு ஒரு வரி சேர்த்துட்டா முடிஞ்சுது சார்.”

என்ன அழகான வரி. என் அறை தப்பிக்கும், கவுண்டர் தப்பிக்காது. வேண்டாம், சுற்றறிக்கையையே ரத்து செய்துவிடலாம் என்று முடிவு செய்து, காலையில் தண்ணீரிலேயே அக்காவிடம் பெருந்தன்மையாகச் சொன்னேன்.

“இவ்வளவு தண்ணி குடிச்சதுக்கு அப்புறம் ரத்தா? பண்ணிப் பாருங்க, பெரிய குளத்துல நானே தள்ளிவிடறேன்.”

ரத்து ரத்து.

ஏப்ரல் 10

எலக்ட்ரீஷியனும் குமாஸ்தாவும் கடந்தார்கள். தோட்டக்காரர் நாய் நீந்துவதைப் போலக் கைகால் அடித்துக் கடந்தார். கேன்டீன்காரர் கண்ணை மூடிக்கொண்டு குறுக்கே போய், ஒரு வழியாகச் சேர்ந்தார். கவுண்டர் அக்கா மல்லாந்தபடியே, வழியில் யாருக்கோ சில்லறை கொடுத்துவிட்டு வருவது போல நிதானமாகப் போனார். கம்பியைத் தொட்டதும் முகத்தைப் பொத்திக்கொண்டார். அழுகையா சிரிப்பா தெரியவில்லை. நானும் கைதட்டினேன்.

கடைசியில் நான். பாதி வரை நன்றாகத்தான் போனேன். பிறகு என் கால் தரையைத் தேடியது, கண்டுபிடித்தது, ஊன்றியது. மார்பளவுத் தண்ணீரில், மொத்த ஊழியர்களும் பார்க்க, நட்டுவைத்த கம்பம் மாதிரி நின்றேன்.

விசில் கூரையைப் பார்த்தாள். “நான் பார்க்கல சார். அங்கிருந்தே போங்க.”

எல்லோரும் கூரையைப் பார்த்தார்கள். கூரையில் ஒன்றுமே இல்லை. நானே இன்னொரு முறை கூரையைப் பார்த்துவிடலாமா என்றிருந்தது.

ஏறி வந்து, என் பெயருக்கு எதிரே ‘தவறினார்’ என்று எழுதச் சொன்னேன். குமாஸ்தாவுக்குப் பேனா எழுதவில்லையாம். என் பேனாவைக் கொடுத்தேன்.

ஏப்ரல் 11

பார்க்கிங். மொட்டை வெயில். ஒருவர் என் கையில் சாவியை எறிந்து, “நிழல்ல போடுப்பா” என்றார். போட்டேன்.

ஏப்ரல் 14

கோப்புகளில் கையெழுத்து வாங்க குமாஸ்தா குடை பிடித்துக்கொண்டு வருகிறார். எனக்கில்லை, கோப்புகளுக்கு.

இங்கே நுழையும் வழியும் வெளியேறும் வழியும் ஒன்று. மாலையில் முட்டிக்கொண்டு நிற்கிறார்கள். என் அறை ஜன்னலிலிருந்து இது நேராகத் தெரியும். ஆனால் ஜன்னலுக்கு முதுகைக் காட்டித்தான் மேசை போட்டிருந்தேன். கவுண்டர் அக்கா தன் பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றைக் கொடுத்தனுப்பினார்.

ஏப்ரல் 24

காலையில் குளத்தில் அக்கா, விசில், நான். பாதியில் கால் தரையைத் தேடியது. தேடட்டும் என்று விட்டுவிட்டேன். கை தன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. தலையில் ஏதோ இடித்தது. கம்பி.

“இப்ப பார்த்தேன் சார்” என்றாள் விசில்.

குமாஸ்தா என் அறைச் சாவியோடு பார்க்கிங்குக்கே ஓடிவந்தார். மேசையைத் துடைத்து வைத்துவிட்டாராம். வெளியேறும் வழியைத் தனியாகப் பிரிக்க நான் போட ஆரம்பித்த சுண்ணாம்புக் கோடு இன்னும் பாதிதான் முடிந்திருந்தது. சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, கோடு முடிந்ததும் வருகிறேன் என்றேன்.

“அந்த மேசையை மட்டும் ஜன்னல் பக்கம் திருப்பிப் போடுங்க.”