சாமணத்தில் வந்த குழாய்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே நாங்கள் ஏதோ இருக்கிறோம், நீ வேளைக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொண்டால் அதுவே எங்களுக்குப் போதும்.

உன் வாலுப் பெண்ணுக்கு, உள்ளே கோத்த நீர் வடிய, இரண்டு காதிலும் குழாய் வைத்து இன்றோடு ஏழு வாரம். வலது காது தேவலை, இடது காதில்தான் நீர் வடிந்து தினம் ஒரு தலையணை உறை மாற்றுகிறோம். சொட்டு மருந்து விட மடியில் படுக்க வைப்பதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிடுகிறது. ஜில்லென்று இருக்கிறது என்று அழுவாள், பாட்டிலைக் கைக்குள் வைத்துச் சூடாக்கி விட்டால் கூசுகிறது என்பாள். குளிக்கும்போது வாசலின் தடவிய பஞ்சை நான் வைக்க வேண்டும், அவள் பிடுங்கி எறிய வேண்டும், நான் குனிந்து தேட வேண்டும். முழங்கால் வலியோடு உன் அம்மா சமையலறையிலிருந்தே உத்தரவு போடுவாள். அறுபது வயதில் இது ஆளை அயர்த்திவிடுகிறது மகளே, அதை மறைக்கவில்லை.

மறைத்தது வேறொன்று. போன செவ்வாய்க்கிழமை என்னோடு கடைக்கு வந்தவள் காது அரிக்கிறது என்றாள். செல்போன் பழுது பார்க்கிற மேசை, பூதக்கண்ணாடி விளக்கு பக்கத்திலேயே இருக்கிறது, பார்த்தேன். காதின் வாயிலேயே காய்ந்த அழுக்கு போல ஒன்று. இருபது வருஷம் பொடித் திருகாணி எடுத்த கை சும்மா இருக்குமா, சாமணத்தால் இடுக்கி எடுத்துவிட்டேன். துடைத்தால் நீலக் குழாய், பாதி அரிசி அளவுகூட இல்லை. திருகாணி டப்பாவில் போட்டு மூடிவிட்டு இரண்டு நாள் உன் அம்மாவிடம்கூட மூச்சுவிடவில்லை. மூன்றாம் நாள் குழாய் வைத்த டாக்டரம்மாவிடம் போய் ஒப்புக்கொண்டேன். அது தானாகவே கழன்று வந்து கிடந்ததாம், நான் பிடுங்கவில்லையாம், ஆனால் இனி காதில் சாமணம் வைத்தால் போலீசில் சொல்வேன் என்றார். சீக்கிரமே விழுந்ததால் மறுபடி நீர் கோக்கலாம், அடுத்த மாதம் சோதனை, தேவைப்பட்டால் திரும்பவும் மயக்க மருந்தும் குழாயும். என்னை நம்பித்தானே அவளை இங்கே விட்டுவிட்டு வெளியூர் வேலைக்குப் போனாய். அவளை அங்கேயே அழைத்துக்கொள்கிறேன் என்று நீ சொன்னாலும் எனக்குக் கோபம் வராது.

நீ குறையில்லாமல் இருக்க வேண்டும், என் ஆசி எப்போதும் உண்டு. ஒன்று மட்டும் மறக்காதே, என்னைத் திட்டுவதைக் கடிதத்தில் திட்டு, போனில் வேண்டாம். பேசி முடிக்கும்போது நீ அழுவது முன்பெல்லாம் எங்களுக்கு மட்டும்தான் கேட்கும். போன ஞாயிற்றுக்கிழமை அவளுக்கும் கேட்டுவிட்டது, அம்மா ஏன் மூக்கை உறிஞ்சுகிறாள் என்றாள். சளி என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உன் அப்பா