சித்தப்பா அமுக்கிய அப்டேட்

ஆவணி, செவ்வாய்க்கிழமை. பெரம்பலூர்.

தூக்கம் வரவில்லை. வயல் மோட்டாரைப் போனிலிருந்தே போட்டு நிறுத்தும் பெட்டிக்கு நேற்று எங்கள் ஆபீஸ் அப்டேட் அனுப்பியது. இன்று மாலைதான் தப்பைப் பார்த்தேன். பெட்டியின் அடிப்படை மென்பொருளான கர்னலில், அப்டேட்டின் தலைப்பகுதியான ஹெடரை வரையறுத்தது நான். அங்கே ஃபைலின் அளவைக் குறிக்க இரண்டே பைட் ஒதுக்கியிருக்கிறேன்; அறுபத்தைந்தாயிரத்துச் சொச்சத்துக்கு மேல் எண் அதில் கொள்ளாது. புது ஃபைலின் அளவு அதில் அடங்காது. பெட்டி பழையதை அழித்துவிட்டு, புதியதில் பாதியோடு செத்துவிடும். அப்புறம் எந்தத் திருத்தம் அனுப்பினாலும் அதற்குப் போய்ச் சேராது.

உடனே தா.பழூர் சித்தப்பாவைக் கூப்பிட்டேன். "போன்ல அப்டேட்டுன்னு வந்தா அமுக்காதீங்க சித்தப்பா."

"காலையிலயே அமுக்கிட்டேன்டா. பக்கத்து வயக்காரங்களையும் அமுக்கச் சொல்லிட்டேன், நம்ம புள்ள செஞ்சதாச்சே! மோட்டார்தான் இன்னும் எடுக்கல. கரண்ட் இல்ல போலருக்கு. நாத்து வேற காயுது. கரண்ட் வர்ற வரைக்கும் மோட்டார் கொட்டாயிலயே படுத்துக்கறேன்."

மோட்டார் எடுக்காதது கரண்டால் அல்ல, செத்துப்போன பெட்டியால். "வந்துரும் சித்தப்பா" என்று மட்டும் சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

நாளை முதல் பஸ்ஸில் போய் நின்றால், அத்தனை பேர் முகத்திலும் எப்படி விழிப்பேன்?

சித்தப்பா இப்போது மோட்டார் கொட்டகையில்தான் படுத்திருப்பார். கரண்ட் வருமென்று நான் சொன்னதை நம்பி.