வீட்டுக் கணக்கில் வரிப்பணம்

மார்ச் 2

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். நீயும் நலம்தானே? போனில் பேசினால் பாதியிலேயே உன் பல் ஆஸ்பத்திரியில் யாராவது வந்து "டோக்கன் குடுங்க" என்று நிற்கிறார்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

கம்பெனியை விட்டுவிட்டுத் தனியாக லிஃப்ட் பழுது பார்க்கத் தொடங்கி ஒரு வருடம் ஆகப்போகிறது. "மாசச் சம்பளத்த விட்டுட்டு அந்தரத்துல தொங்கப் போறியாடா?" என்று கேட்டாயே, இப்போது கேள். பெரிய ஆஸ்பத்திரி ஒன்று தன் லிஃப்ட் எல்லாவற்றையும் இரண்டு வருடத்துக்கு என்னிடம் தருகிறது. இந்த வருட வரி கட்டிய ரசீதை மட்டும் இந்த மாதத்துக்குள் காட்ட வேண்டும்.

கம்பெனியில் வரியைப் பிடித்துக்கொண்டுதான் சம்பளம் கொடுப்பார்கள். இப்போது முழுப் பணமும் கைக்கு வருகிறது. முதல் மாதம் ராஜா மாதிரி திரிந்தேன். ஆடிட்டர்தான் உட்காரவைத்துச் சொன்னார்: "முழுசா வருதுன்னு முழுசும் உங்களுதுன்னு நினைக்காதீங்க தம்பி. அரசாங்கத்துப் பங்க அன்னைக்கே தனியா எடுத்து வச்சிடுங்க."

எடுத்து வைத்தேன். என் கணக்கில் இருந்தால் கை சும்மா இருக்காது, ஏதாவது மெஷின் வாங்கிவிடுவேன். அதனால் நம் வீட்டுக் கணக்கில் போட்டு வந்தேன். அதில் கைவைக்க மட்டும் எனக்கு மனசு வராது. அதை அப்படியே என் கணக்குக்கு அனுப்பிவிடு.

உன் தம்பி,
சுண்டு


மார்ச் 6

அன்புள்ள சுண்டுவுக்கு,

உன் கடிதத்தை டோக்கன் மேஜையில் நின்றபடியே படித்தேன். டாக்டரம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு, "என்ன, முகமெல்லாம் வெளுத்துப் போச்சு?" என்றார்.

அந்தப் பணம் இல்லையடா.

அப்பா போன பிறகு அந்தக் கணக்கை நம் இருவர் பெயரிலும் தொடங்கியபோது என்ன பேசிக்கொண்டோம்? போடுகிறவர் எதற்கென்று சொல்ல வேண்டாம், எடுக்கிறவரை எதற்கென்று கேட்க வேண்டாம், அது வீட்டுக்கு. மாதாமாதம் நீ இவ்வளவு போடுவதைப் பார்த்து, தம்பிக்கு வீட்டின் மேல் எவ்வளவு பாசம் என்று பூரித்துப் போனேன்.

மாடியில் ஓர் அறை கட்டியிருக்கிறேன். உனக்குத்தான். நிரந்தர வேலையை விட்டவன், நாளைக்கே உடம்புக்கு முடியாமல் படுத்தால் எங்கே போவான் என்று எனக்கு ஒரே பயம். உன் கருவிகளுக்கு அலமாரிகூட வைத்தேன். நீ வரும்போது காட்டலாம் என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன். இன்னும் பெயின்ட் வாசனைகூடப் போகவில்லை.

உன் அக்கா


மார்ச் 9

அக்காவுக்கு,

அறையா? எனக்கு அறை வேண்டும் என்று எப்போது கேட்டேன்?

ஆடிட்டரிடம் ஓடினேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னையே பார்த்தார். "வரிப்பணத்துல மாடியா கட்டுனீங்க? எந்த அதிகாரிகிட்டங்க இதச் சொல்றது?" தாமதமானால் வட்டி ஏறும். அதைக்கூடக் கட்டித் தொலைக்கலாம். ஆஸ்பத்திரி காத்திருக்காது, வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளும்.

கொஞ்ச நாள் எனக்கு எழுதாதே.

சுண்டு


மார்ச் 12

அன்புள்ள சுண்டுவுக்கு,

எழுதாதே என்றாய், எழுதிவிட்டேன். நீ திட்டியதுகூட எனக்குப் பெரிதாகப் படவில்லை. கடிதத்தின் தலையில் 'அன்புள்ள' இல்லை. பள்ளிக்கூடத்தில் விடுமுறைக் கடிதம் எழுதப் பழகிய நாளிலிருந்து நீ எனக்கு அப்படி எழுதியதே கிடையாது.

நான் செய்ததற்கு நானே ஒரு வழி பண்ணுகிறேன். பதில் வேண்டாம்.

உன் அக்கா


மார்ச் 20

அன்புள்ள அக்காவுக்கு,

அந்த 'அன்புள்ள'வை மறந்துபோய் விடவில்லை, வேண்டுமென்றேதான் விட்டேன். தபாலில் போட்ட மறுநிமிடமே பெட்டிக்குள் கையை விட்டு எடுத்துவிடலாமா என்றிருந்தது.

வரி கட்டியாகிவிட்டது! பைக்கை விற்றேன். இந்த வாடகை வீட்டையும் காலி பண்ணுவதாகச் சொன்னதும், வீட்டுக்காரர் நல்ல மனுஷன், முன்பணத்தை உடனே எண்ணிக் கொடுத்துவிட்டார். ரசீதை ஆஸ்பத்திரியில் காட்டிக் கையெழுத்தும் போட்டாயிற்று. அங்கிருந்து நம் வீட்டுக்கு ஒரே பஸ்.

எனக்குத்தான் ஓர் அறை இருக்கிறதே! ஒன்றாம் தேதி மூட்டை முடிச்சோடு வருகிறேன். ஊர் லிஃப்டையெல்லாம் பார்க்கிறவன் மாடிப்படி ஏறித்தான் படுக்கணும், பார்த்தாயா?

உன் சுண்டு


மார்ச் 23

அன்புள்ள சுண்டுவுக்கு,

ஐயோ, ஒரு வார்த்தை முன்னாலேயே சொல்லியிருக்கக் கூடாதா?

அறையை வாடகைக்கு விட்டுவிட்டேன். புதிதாகக் கல்யாணமான ஜோடி. ஒரு வருட வாடகையை மொத்தமாக முன்னாலேயே கொடுத்தார்கள். நேற்றுக் காலை அதை உன் கணக்குக்கு அனுப்பினேன், சாயங்காலம் சாவியைக் கொடுத்தேன். இன்று மத்தியானம் உன் கடிதம் வருகிறது. உன் கருவி அலமாரியில் அந்தப் பெண் புடவை அடுக்கிக்கொண்டிருக்கிறாள். அவளிடம் போய் எப்படித் திரும்பக் கேட்பேன்?

படிக்கட்டிலேயே உட்கார்ந்து சிரித்தேன். சிரித்துக்கொண்டே இருந்தவள் எப்போது அழ ஆரம்பித்தேன் என்று தெரியவில்லை. மேலேயிருந்து அந்தப் பையன் ஓடி வந்து, "அக்கா, ஏதும் கெட்ட செய்தியா?" என்றான்.

அனுப்பிய பணத்தைத் தொடாதே. அடுத்த வருட வரிக்கு ஆகும். உன் பெயரில் மட்டும் ஒரு கணக்குத் தொடங்கு, அதில் என் பெயர் வேண்டாம்.

நீ வா. எனக்குக் கீழே ஓர் அறை, ஒரு ஹால், அவ்வளவுதான். இந்தத் தடவை கேட்டுவிட்டே செய்கிறேன். உன் கட்டிலை ஹாலில் ஜன்னல் பக்கம் போடட்டுமா, சுவர் பக்கம் போடட்டுமா? பதில் எழுதாமல் வந்து நிற்காதே.

உன் அக்கா