நான்காம் தொட்டிக்கு எந்த நகல்

3 மார்ச் 2094, காலை 07:20

நிலவின் தென்முனை, பனி ஆய்வு வீடு. எழுதுவது சுலைகா, பாசி ஆய்வாளர். உடனிருந்த பனி ஆய்வாளர் ஹெலன், உடம்புக்கு முடியாததால் சென்ற முறை வந்த கப்பலில் திரும்பிவிட்டாள். அடுத்த கப்பல் ஏப்ரல் கடைசியில்.

காற்றழுத்தம் சரி. நான்கு பாசித் தொட்டிகளும் பச்சை. எனக்கு மூச்சுக் காற்று தருவது இவைதான்.

வீட்டில் இரண்டு லினக்ஸ் கணினிகள். ஒன்று தொட்டிகளைக் கவனிக்கிறது. எவ்வளவு வெளிச்சம், எவ்வளவு உப்பு, எவ்வளவு காற்று என்று மூன்று வருடமாக அது தானே கற்றுக்கொண்ட அளவுகள் அதில் இருக்கின்றன. இன்னொன்று என்னுடையது. அந்த அளவுகளைப் பூமிக்கு அனுப்பி வைப்பதைத் தலைமையகம் நிறுத்திவிட்டது. "காப்பு நகலுக்குச் செலவில்லாத வழி ஒன்றை அங்கேயே பார்த்துக்கொள்ளவும்" என்று ஒரு வரி வந்தது. அவ்வளவுதான்.

5 மார்ச், மாலை 16:05

தம்பி மீரானுடன் பேசினேன். காயல்பட்டினத்தில் கணினி பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறான். குரல் போய் வர இரண்டு மூன்று நொடி ஆகிறது. பேச்சை அப்படியே பதிகிறேன்.

"ஒரு கணினியிலேர்ந்து இன்னொண்ணுக்குத் தினமும் தானா நகல் எடுக்க வச்சிரலாம்னு பாக்கேன் மீரான். காசும் இல்ல, மின்சாரமும் ரொம்ப இழுக்காது."

"அது கண்ணாடி மாதிரி லாத்தா. இங்க கெட்டா அங்கயும் கெட்டதுதான் தெரியும். பழைய நகலையும் விட்டு வைங்க. இன்னொண்ணை வேற கட்டடத்துல வைங்க."

"வட்டுல இடம் இல்லடா. ஹெலனோட பனிப் படங்கள அழிச்சாத்தான் உண்டு."

"அழிங்களேன். படமா பெருசு?"

ஹெலன் அந்தப் படங்களுக்காகத்தான் இங்கே வந்து நுரையீரலைக் கெடுத்துக்கொண்டாள். அழிக்க மனம் வரவில்லை. இன்னொரு கட்டடம் என்றால் வெளியே உள்ள கிடங்கு. உடை மாட்டிக்கொண்டு போய்த் திரும்புவதற்குள் இடுப்பு விட்டுப்போகும். தினமும் என்னால் ஆகாது. கண்ணாடி முறையையே வைத்துவிட்டேன்.

22 மார்ச், காலை 06:40

சூரியப் புயல் ஓய்ந்தது. வீடு தாங்கியது. தொட்டிக் கணினியின் வட்டு தாங்கவில்லை. அளவுகள் இருந்த கோப்பில் குப்பை எழுத்துகள்.

என் கணினியில் உள்ள நகலைத் திறந்தேன். அதிலும் அதே குப்பை. வழக்கமான நேரத்துக்கு நகல் எடுத்து, நல்லதன் மேலேயே எழுதியிருக்கிறது. பிழை ஒன்றும் காட்டவில்லை. வேலை முடிந்தது என்று செய்தி வேறு.

தொட்டிகள் ஆலை அளவுக்கு, அதாவது செய்த இடத்தில் போட்டு அனுப்பிய அளவுக்கு, திரும்பிவிட்டன. அது பூமியின் ஈர்ப்புக்குப் போட்ட அளவு.

27 மார்ச், 13:15

ஒன்றும் இரண்டும் வெளுத்துவிட்டன. கையால் திருகிப் பார்க்கிறேன். வெளிச்சத்தைக் குறைத்தால் உப்பு படிகிறது. உப்பைக் குறைத்தால் நுரைக்கிறது. உட்கார்ந்தபடியே தூங்குகிறேன். தலைமையகத்திடம் பழைய நகல் எதுவும் இல்லையாம். கப்பலை முன்னதாக அனுப்பப் பார்க்கிறார்களாம்.

4 ஏப்ரல், 11:00

மூன்றாவதும் போய்விட்டது. நான்காவது பச்சையாக நிற்கிறது. சரியான அளவு கிடைத்துவிட்டது. கிடைத்தே விட்டது.

கண்ணாடி முறையை நிறுத்திவிட்டு, மீரான் சொன்னபடி மூன்று இடத்துக்கும் கையால் தட்டினேன். தொட்டிக் கணினியில் ஒரு தனிக் கோப்பில், என்னுடையதில், கிடங்கில் கொண்டுபோய் வைத்த ஒரு தனி வட்டில். ஹெலனின் படங்களையும் அழித்தேன். அவளுக்குச் செய்தி அனுப்பினேன். "மூச்சு இருந்தா இன்னொரு தடவ எடுத்துக்கலாம், சுலைகா" என்று பதில் வந்தது. கொஞ்ச நேரம் அழுதேன்.

தலைவலி. காற்றில் கரியமில வாயு கூடுகிறது. மிஞ்சினால் புத்தி தடுமாறும். ஒரு தொட்டி ஒரு ஆளுக்குப் போதாது.

9 ஏப்ரல்

கப்பல் கிளம்பிவிட்டது. ஆறு நாள் என்கிறார்கள். மீரான் பேசினான்.

"லாத்தா, ஏன் சொன்னதையே சொல்றீங்க?"

"என்னத்தச் சொன்னேன்?"

"ஹெலன் தூங்குறா, மெதுவாப் பேசுன்னு. மூணு தடவ சொல்லிட்டீங்க. அங்க ஹெலன் இல்ல லாத்தா."

எனக்கு அப்படிச் சொன்ன நினைவு இல்லை.

12 ஏப்ரல்

மின்சாரம் ஒரு நொடி போய் வந்தது. நான் போட்ட அளவு அழிந்து, தொட்டிக் கணினி மறுபடி ஆலை அளவுக்குப் போய்விட்டது. நான்காவதின் ஓரம் வெளுக்கிறது.

பரவாயில்லை. நகல் இருக்கிறது. மூன்று இருக்கிறது. கிடங்குக்குப் போய் எடுத்து வந்தேன். வழியில் இரண்டு முறை உட்கார்ந்தேன்.

12 ஏப்ரல், பிறகு

மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்து வைத்திருக்கிறேன். உப்பு ஒன்றில் நாலு, ஒன்றில் ஏழு, ஒன்றில் எழுபது. வெளிச்சமும் அப்படித்தான். மூன்றும் வேறு வேறு. நான்தான் தட்டினேன். மூன்றையும் ஒரே தடவை உட்கார்ந்து.

எது சரி என்று தெரியவில்லை.

மீரானைக் கூப்பிட்டேன். பூமிக்கு சிக்னல் கிடைக்கும் நேரம் இது இல்லை. எப்போது வரும் என்று குறித்து வைத்திருந்தேன், எங்கே என்று...

தப்பானதைப் போட்டால் பாசி ஒரு மணி நேரத்தில் செத்துவிடும். ஒன்றும் போடாவிட்டாலும் சாகும்.

ஏழு. ஏழு என்றுதான் கை போகிறது. ஹெலனும் ஏழு என்கிறாள்.

போடுகிறேன்.