நம்பாமல் விழுங்கிய மாத்திரை

2014 பிப்ரவரி 23, ஞாயிறு

இன்று என் முடிதிருத்தும் கடையில் ஒருவனும் வாயை மூடவில்லை. நேற்று அரசுத் தொலைக்காட்சியில் வந்த பேட்டிதான் காரணம். ராணுவத்தார் ஒரு கருவி கண்டுபிடித்திருக்கிறார்களாம். ஈரல் வைரஸ், எய்ட்ஸ் இரண்டையும் ரத்தத்திலிருந்து உறிஞ்சி எடுத்துவிடுமாம். நோயைக் கண்டுபிடிக்க இன்னொரு கருவி - கைப்பிடியில் செருகிய ஆன்டெனா மாதிரி. நோயாளி பக்கத்து அறையில் இருந்தாலும் கம்பி தானாக அவன் பக்கம் திரும்புமாம். நோயை உருவி எடுத்து அதையே கோஃப்தா கறி உருண்டை போல அவனுக்கு உணவாகக் கொடுத்துவிடுவோம் என்கிற அளவுக்குப் பேச்சு போனது.

பழக்கடை மித்வல்லி முகத்தில் சோப்பு நுரையோடு எழுந்து நின்றுகொண்டு, "உஸ்தா, எனக்கு ரெண்டு சீக்குக் கோஃப்தா, வெங்காயம் தனியா" என்றான். கடையே குலுங்கியது. எல்லாரையும் விடச் சத்தமாகச் சிரித்தவன் கடைக்கார உஸ்தாவாகிய நான்தான்.

என் ரத்தத்திலும் அந்த வைரஸ் இருக்கிறது. மன்சூரா ஊரில் இது என் மனைவி இன்ஸாஃபுக்கும் மருத்துவமனைக்கும் மட்டும் தெரியும். சவரக் கத்தி பிடிக்கிறவனுக்கு ஈரல் வைரஸ் என்று தெரிந்தால் நாளைக்கு என் நாற்காலியில் எவன் உட்காருவான்?

பிப்ரவரி 24, திங்கள்

முடிதிருத்துகிறவர்களுக்கு விடுமுறை. எனக்கு வைரஸுக்கான ஊசி நாள். போட்டுக்கொண்டு வந்தால் சாயங்காலமே காய்ச்சல், பல்லெல்லாம் கிட்டிக்கொள்கிறது. இன்ஸாஃப் இரண்டு போர்வை போர்த்தினாள். போர்வைக்குள்ளிருந்து கேட்டேன், அந்தக் கருவி மட்டும் நிஜமாக இருந்தால்?

"கடையில சிரிக்கிறீங்க, வீட்ல நம்புறீங்க. ரெண்டுல எது நீங்க?" என்றாள்.

நானும் அதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். சின்ன வயதில் வாய்க்காலில் குளித்து வரும் புழு நோய்க்கு அரசாங்கம் பள்ளிக்கூடத்தில் ஊசி போட்டது. பையன்கள் வரிசையாக, எல்லாருக்கும் ஒரே ஊசி. நல்லது என்றுதான் சட்டைக் கையை மடித்துக்கொண்டு நின்றோம். எனக்கு முன்னால் என் அண்ணன் ஸலாமா நின்றான். புழு செத்தது, வைரஸ் ஏறியது. ஸலாமா ரத்தமாக வாந்தி எடுத்துத்தான் போய்ச் சேர்ந்தான். நான் வரிசையில் அவனுக்கு அடுத்தவன். அதை மறக்கவே முடியவில்லை.

மார்ச் 4, செவ்வாய்

இன்று செத்துப் பிழைத்தேன்.

மித்வல்லி எங்கிருந்தோ பழைய கார் ஆன்டெனா ஒன்றைப் பிடுங்கிக்கொண்டு வந்தான். ஷாம்பு புட்டியில் அதைச் செருகி, ராணுவ நடை நடந்து, ஒவ்வொருவர் முன்னாலும் நீட்டினான். "இவன் சுத்தம். இவனுக்குக் கல்யாணச் சீக்கு, மருந்து கிடையாது." எல்லாருக்கும் சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர். அப்புறம் என் பக்கம் திரும்பினான். புட்டி கையில் வழுக்கியது, கம்பி ஆடி ஆடி என் நெஞ்சுக்கு நேராக நின்றுவிட்டது.

"ஐயையோ, உஸ்தா அதிய்யாவுக்கு இருக்கு" என்று கத்தினான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கத்தரி கையில் அப்படியே நிற்கிறது. முகம் எப்படி இருந்ததோ, கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

மூலை நாற்காலியில் இருந்த ஷவ்கி சார்தான், "போதும்பா. அதைக் கீழ வை" என்றார். அவர் அதட்டி யாரும் கேட்டதில்லை. நீர்ப்பாசனத் துறையில் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். சவரத்துக்கு வரும்போது கத்தி, பிரஷ், சோப்பு, துண்டு எல்லாம் பச்சைத் துணிப்பையில் தானே கொண்டு வருவார். வைரஸுக்குப் பயந்து இந்த ஊரில் பல பேர் அப்படித்தான் வருகிறார்கள். நான் புதுப் பிளேடு போட்டுக் காட்டினாலும் ஷவ்கி சார் பையைத்தான் நீட்டுவார். என்னை நம்பாத மனிதர் இன்று என்னைக் காப்பாற்றினார்.

மார்ச் 17, திங்கள்

ஊசிக்குப் போகவில்லை.

ஜூன் கடைசியில் கருவி வைத்தியம் ஆரம்பம் என்று தினமும் டிவியில் சொல்கிறார்கள். சந்தேகப்படுகிறவர்கள் வெளிநாட்டுக்காரனிடம் காசு வாங்கியவர்கள் என்று அறிவிப்பாளர் கண்ணை உருட்டுகிறார். நான் சந்தேகப்படவும் இல்லை, நம்பவும் இல்லை. காய்ச்சலில்லாமல் ஒரு கோடைக்காலம் வேண்டும், அவ்வளவுதான். இன்ஸாஃப் கத்துவாள் என்று பார்த்தேன். பேசவே இல்லை. அது இன்னும் கொடுமை.

ஏப்ரல் 30

நன்றாகச் சாப்பிடுகிறேன். யாரிடமும் சொல்லாமல் ஜூனுக்குக் காத்திருக்கிறேன்.

ஜூன் 28, சனி

தள்ளிவைத்துவிட்டார்கள். இன்னும் சோதிக்க வேண்டுமாம். ஊரே உலகக் கோப்பையும் நாளைய நோன்புமாக இருக்கிற நேரம் பார்த்துச் சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள்.

மித்வல்லி தொடையில் அடித்துக்கொண்டு சிரித்தான். "கோஃப்தா இன்னும் வேகலையாம்." நானும் சிரித்தேன். பிறகு பின்பக்கம் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். முட்டாள், முட்டாள். நம்பவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டது பொய். நம்பினேன். சின்னப் பிள்ளை மாதிரி நம்பினேன்.

வீட்டுக்குப் போனேன். இன்ஸாஃபுக்குச் செய்தி வந்திருந்தது. முலூகியாக் கீரைக் குழம்பு வைத்திருந்தாள், எனக்குப் பிடிக்குமென்று முயல் கறியோடு. குத்திக் காட்டவில்லை.

அக்டோபர் 20, திங்கள்

அதே டிவி. இப்போது மாத்திரையாம். வெளிநாட்டு மாத்திரை, அரசாங்கமே மலிவாகத் தருகிறதாம், நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்குக் குணமாம். போங்கடா.

பெயர் எழுதிக் கொடுத்துவிட்டு வரலாம் என்று இன்ஸாஃப் நச்சரிக்கிறாள். மாட்டேன் என்றேன். இது உண்மையான மருந்து என்று டாக்டரே சொன்னாராம். அன்றைக்கு அந்தப் பேட்டியில் வெள்ளைக் கோட்டு போட்டவர்கள் உட்கார்ந்திருக்கவில்லையா?

"சொல்றவன் மூஞ்சியைப் பாத்தா மருந்து வேலை செய்யுது?" என்றாள். "நேத்து பொய் சொன்னவன் இன்னிக்கு மணி பன்னெண்டுன்னா, நீங்க அதையும் நம்ப மாட்டீங்களா?"

மாட்டேன் என்றேன். என் கடிகாரத்தைப் பார்ப்பேன். "அப்ப பாருங்களேன், அதைத்தான் சொல்றேன்" என்று அடுக்களைக்குப் போய்விட்டாள். என்ன சொல்ல வந்தாள் என்று இன்னும் மண்டையில் ஏறவில்லை. ஒரு தரம் ஏமாந்த வெட்கம், அவ்வளவுதான் மண்டை முழுக்க.

2015 பிப்ரவரி 9, திங்கள்

கணுக்கால் வீங்கியிருக்கிறது. விரலால் அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நிற்கிறது. ஸலாமாவுக்கும் காலில்தான் ஆரம்பித்தது.

குளியலறையில் என் நகவெட்டி, சீப்பு, கத்தி மூன்றும் ஒரு பிஸ்கட் டின்னில் தனியாக இருக்கின்றன. யாரும் தொடக் கூடாது என்று நான்தான் வைத்தேன். இன்று அந்த டின்னைப் பார்க்கவே வெறுப்பாக இருந்தது. வீட்டில் இருந்துகொண்டே நான் ஏதோ தூரத்தில் இருக்கிறேன்.

பயமாக இருக்கிறது. எழுதினால்தான் ஒப்புக்கொள்ள முடிகிறது. பயமாக இருக்கிறது.

ஏப்ரல் 23, வியாழன்

எங்கே ஆரம்பிப்பது.

கூட்டம் வடிந்த பிறகு ஷவ்கி சார் வந்தார். வெறுங்கையோடு. நாற்காலியில் உட்கார்ந்து கழுத்தைச் சாய்த்து, "இன்னிக்கு உங்க கத்தியாலயே வழிங்க உஸ்தா" என்றார்.

பை எங்கே என்று கேட்டேன். அவர் மனைவி அதில் மண் போட்டுப் புதினா வைத்துவிட்டாராம்.

புதுப் பிளேடு போட்டேன். இத்தனை வருடமும் என் கத்தியை நம்பாமல்தான் பையோடு வருகிறீர்கள் என்று நினைத்தேன் என்றேன்.

"உங்க கத்தியை நம்பாம இல்ல. என் ரத்தம் உங்க கத்தியில படக் கூடாதுன்னுதான். எனக்குப் பதினஞ்சு வருஷமா இருந்துச்சு. இப்ப இல்ல."

மாத்திரையா என்றேன். ஆமாம். மூன்று மாதம், கூடவே ஊசியும். முடித்துவிட்டு மூன்று மாதம் பொறுத்து ரத்தம் பார்த்தாராம்.

"அந்த டிவி சொன்னதை நீங்க எப்படி சார் நம்புனீங்க?"

"யார் நம்பினா? நம்பாமலேதான் முழுங்கினேன். அப்புறம் அவங்க ஆஸ்பத்திரியில ஒண்ணு, எனக்கு அறிமுகமே இல்லாத லேப்ல ஒண்ணுன்னு ரத்தத்தைக் கொடுத்தேன். ரெண்டு பேரும் இல்லன்னாங்க. அப்பதான் நம்பினேன்."

இன்ஸாஃப் சொன்ன கடிகாரம் இதுதான். கன்னத்தை வழித்துக்கொண்டிருந்தேன். அவர் கண்ணாடியில் என்னையே பார்த்தார். "அன்னிக்கு அந்தப் பய கம்பியை நீட்டினப்ப உங்க முகத்தைப் பாத்தேன். நானும் உள்ளுக்குள்ள நடுங்கிட்டுத்தான் இருந்தேன், எங்க என் பக்கம் திருப்பிடுவானோன்னு." பிறகு, "நாட்டுல எத்தனை கருவி இருந்தாலும் சரியா வேலை செஞ்சது மித்வல்லியோடது ஒண்ணுதான்" என்றார்.

கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தேன். சிரித்துக்கொண்டே அழுதேன். அவருடைய ஒரு பக்கக் கன்னத்தில் நுரை காய்ந்தே போய்விட்டது.

ஏப்ரல் 27, திங்கள்

இன்ஸாஃபும் நானும் மருத்துவமனைக்குப் போனோம். பெயர் கொடுத்தாயிற்று. பேருந்தில் அவள் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். இத்தனை மாதமும் அவள் தூங்கவே இல்லை போலிருக்கிறது.

ஜூன் 1

முதல் மாத்திரை. நம்பவில்லை. விழுங்கினேன்.

ஜூலை 14

தலைச்சுற்றல், படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. கணுக்கால் வற்றிவிட்டது. மருந்தா, நோன்பு விட்டதா? டாக்டர் நோன்பு கூடாது என்றுவிட்டார். இதை எழுதும்போதும் சந்தேகம்தான். இருக்கட்டும்.

நவம்பர் 30, திங்கள்

மருத்துவமனையில் ரத்தம் பார்த்தார்கள். வைரஸ் காணோம்.

யாரிடமும் சொல்லவில்லை, இன்ஸாஃபிடம் கூட. நேரே ரயில் நிலையத்துக்கு எதிரே இருக்கிற சின்ன லேபுக்குப் போய் இன்னொரு தரம் கையை நீட்டினேன்.

டிசம்பர் 5, சனி

அங்கேயும் காணோம்.

லேப் பெண்ணிடம் திரும்பக் கேட்டேன். திரும்பச் சொன்னாள். மூன்றாம் முறை கேட்டதும், "மாமா, இல்லன்னா இல்ல. வீட்டுக்குப் போங்க" என்றாள். போய் முதலில் இன்ஸாஃபிடம் சொன்னேன்.

கடையில் மித்வல்லியிடம் மட்டும் எல்லாவற்றையும் சொன்னேன். எழுந்து போனான். ஒரு கூடை மாதுளையோடு திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தான். "வழி உஸ்தா" என்றான், கண்ணை மூடிக்கொண்டு. புதுப் பிளேடைக் காட்டினேன். கண்ணைத் திறக்கவே இல்லை.

டிசம்பர் 7, திங்கள்

விடுமுறை. வெயில் இதமாக இருந்தது. இன்ஸாஃப் பால்கனியில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து நகம் வெட்டிக்கொண்டிருந்தாள். காலடியில் பிஸ்கட் டின் திறந்து கிடந்தது. கையில் என்னுடைய நகவெட்டி.

அது என்னுடையது என்று சொல்லிவிட்டேன், பழக்கதோஷம்.

"தெரியும்" என்றாள், நிமிர்ந்துகூடப் பார்க்காமல். "உங்களுது நல்லா வெட்டுது."

நான் உள்ளே போய் இரண்டு பேருக்கும் தேநீர் போட்டேன்.