பூசைக்குப் போன காப்புத் தகடு

இன்று தபாலில் ஒரு கல்யாணப் பத்திரிகை வந்தது. யாருக்கு யாரோடு என்று பார்ப்பதற்கு முன் அதன் ஓரத்தைத் தடவிப் பார்த்தேன். நேர்வெட்டு, பிசிறில்லை. உடனே நீங்கள் நினைவுக்கு வந்துவிட்டீர்கள்.

கண்டி மார்க்கெட்டுக்குப் பின்னாலிருந்த அச்சகத்தில் நான் புரூப் திருத்தினேன். நீங்கள் கட்டிங் மெஷினில் நின்றீர்கள். உங்களுக்கு முன் அதில் நின்றவருக்கு எட்டு விரல்கள். முதலாளி அதை அவருடைய அனுபவம் என்று வாடிக்கையாளர்களிடம் பெருமையாகச் சொல்வார். நீங்கள் பத்து விரல்களோடு வேலைக்குச் சேர்ந்தபோது அவருக்கு உங்கள் மேல் சற்று நம்பிக்கைக் குறைவுதான்.

கத்தியை இறக்குமுன் நீங்கள் "கை!" என்று கத்துவீர்கள். அறையிலிருக்கும் எல்லாரும் கைகளைத் தூக்கிக் காட்ட வேண்டும். தூரத்தில் கதிரையில் இருக்கும் நான் எதற்கு என்று ஒருமுறை கேட்டேன்.

"பழகிக்கங்க, புரூப் ஐயா. எழுத்து விட்டுப்போனா நீங்க சேத்துக்குவீங்க. வெரல் விட்டுப்போனா?"

அந்தச் சரஸ்வதி பூசை நாள் உங்களுக்கும் மறந்திருக்காது. ஒவ்வொரு மெஷினிலிருந்தும் ஒரு பாகத்தைக் கழற்றி அம்மன் படத்தின் முன் வைப்பது அங்கே வழக்கம். கட்டிங் மெஷினில் சுலபமாகக் கழல்வது, கத்திக்கடியில் கை போகாமல் மறைக்கும் காப்புத் தகடு. ஆகவே அதற்குச் சந்தனம், குங்குமம், மாலை. மறுநாள் பூசை முடியும்வரை அதைத் தொடக்கூடாது. மெஷினைத் தொடலாம், ஏனென்றால் நாவலப்பிட்டியிலிருந்து ஒரு பெண்ணின் தகப்பனார் பத்திரிகை வாங்க வந்து நின்றார்.

"நாலே நாலு வெட்டு. வெட்டிக் குடுங்க," என்றார் முதலாளி.

"தகடு இல்லாமலா? அப்ப என் கையும் பூசையிலயே இருக்கட்டும், மொதலாளி."

பொரித் தட்டை நகர்த்திவிட்டு, படத்தின் முன் உட்கார்ந்து, தகட்டுக்குப் பக்கத்தில் இரண்டு கைகளையும் வைத்தீர்கள். "பொட்டு வைக்கிறதுன்னா வைங்க."

"எனக்கு பஸ்ஸு போயிருமுங்க!" என்றார் பெண்ணின் தகப்பனார்.

எல்லாரிடமும் நல்ல பெயர் வாங்கும் வியாதி எனக்கு உண்டு. எழுந்து மெஷினிடம் போனேன்.

"வேணாங்கய்யா. கத்தி ஒரு தடவ எறங்கினா, சொல்லாம இன்னொரு தடவ எறங்கும்," என்றீர்கள்.

"வயசான மெஷினு, ஒரு இருமல் இருமும். அதுக்குப் போயி," என்றார் முதலாளி.

முதல் வெட்டு அழகாக விழுந்தது. பத்திரிகைக் கட்டைத் திருப்பக் கையை உள்ளே விட்டேன்.

"கை!"

யோசித்துத் தூக்கவில்லை. பழகிப்போன கைகள் தாமாகத் தலைக்கு மேல் போயின. யாரும் தொடாமல் கத்தி மறுபடி இறங்கியது. என் விரல்கள் இருந்த இடத்தில், அத்தனை பத்திரிகைகளிலும் பெண்ணின் பெயர் இரண்டாகியிருந்தது.

பெண்ணின் தகப்பனார் அபசகுனம் என்று கத்துவார் என நினைத்தேன். அந்த மனிதர் என் இரண்டு கைகளையும் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "காயிதந்தானே. வேற அடிச்சுக்கலாம், தம்பி."

முதலாளி படத்தின் முன் போய், "தாயே, பொறுத்துக்க," என்று தகட்டை எடுத்துவந்து மாலையோடு பூட்டினார். மறுநாள் மெக்கானிக் வந்து மெஷினின் இருமலைக் குணப்படுத்தினார். அதன் பிறகு பூசைக்குப் போனது உங்கள் அளவுகோல்தான்.

போன மாதம் கலஹா பஸ்ஸில் உங்கள் வீட்டுக்கு வந்தேன். உங்கள் கைகளை நெஞ்சின் மேல் சேர்த்து வைத்திருந்தார்கள். எல்லாரும் அழுதுகொண்டிருந்தபோது நான் எண்ணிக்கொண்டிருந்தேன். பத்து. அந்த வீட்டில் அன்று நிம்மதியாக மூச்சு விட்டவன் நான் ஒருவன்தான். மன்னிக்க வேண்டும்.

வீட்டில் யார் மிக்சியைப் போட்டாலும் என் கைகள் இன்னும் மேலே போகின்றன. பேரப்பிள்ளைகள் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். சிரித்துக்கொண்டே அவர்களும் தூக்குகிறார்கள்.